சைக்கிள் மீட்டரும் கறுப்புப் பொத்தான்களும்

மார்ச் 4

என் அருமைத் தம்பி, பெடல் மகாராஜாவுக்கு,

நான் சுகம். என் முழங்கால் சுகமில்லை, அதைத் தனியாக விசாரித்து எழுது. உன் மாமா சுகமா என்று கேட்டால், அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ரெண்டாம் தடவை சோறு கேட்டு வாங்குகிறார், அதை வைத்து சுகம் என்று எழுதுகிறேன்.

ஒரு சேதி. நீ விட்டுப்போன சைக்கிள் ஏழு மாதமாகப் போர்வை போர்த்திக்கொண்டு சாமான் அறையில் தூங்கியதே, அதை உன் மாமா எழுப்பிவிட்டார். பஸ்ஸில் தொங்கித் தொங்கி ஒரு கை நீண்டுவிட்டதாம், இனி லாரிகளுக்கு எடை போடுகிற அந்த எடைமேடை வேலைக்குச் சைக்கிளில்தான் போவாராம். போன ஞாயிறு முழுக்க உட்கார்ந்து துடைத்து எண்ணெய் விட்டார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் குந்தியிருந்தார். "என்னங்க, சக்கரத்தோட பேசறீங்களா?" என்றேன். "ஒண்ணுமில்லை" என்றார். என்னிடம் பேசுவதைவிட நாலு வார்த்தை அதிகமாக அதனிடம் பேசியிருப்பார்.

முன்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு நீ மாட்டிய மீட்டர் நன்றாக ஓடுகிறது. கம்பியில் கட்டிய ஆணி வந்து இடிக்க இடிக்க உள்ளே எண் நகர்கிறது. சைக்கிளைத் தள்ளினால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்கிறது, கேட்க ஆசையாக இருக்கிறது. எனக்கு எழுத்துத்தான் எதிரி, எண் இல்லை. எங்கள் தையல் கம்பெனியில் ஓட்டை சரியில்லாத பொத்தான்களை அள்ளிக்கொண்டு போ என்பார்கள். கிலோமீட்டருக்கு ஒரு பொத்தான் பாட்டிலில் போட்டு வருகிறேன். உன் சைக்கிள் இன்னும் எவ்வளவு ஓடுகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டாமா?

சைக்கிள் சங்கம் கொடுத்த உன் கோப்பையைத் தினம் துடைக்கிறேன். ஒரே வருஷத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவன் என் தம்பி என்று பால்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவை.

ஒழுங்காகச் சாப்பிடு.
உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. கம்பெனியில் என்னை மீட்டர் சோதனைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். மேஜைமேல் சக்கரம் சுற்றும், மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். சங்கத்துக் கோப்பை வாங்கியவன் என்பதால் ஃபோர்மேன் என்னை மதிப்பாக நடத்துகிறார். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்கிறார்.

சைக்கிளை மாமா ஓட்டுவது சந்தோஷம். அந்த மீட்டர் மிகவும் பழையது, அக்கா. அதைப் பொருட்படுத்தாதே. பொத்தான் எல்லாம் எதற்கு?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

மீட்டர் சோதனை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

முழங்கால் உன்னை விசாரித்தது. மாமா வழக்கம்போல சுகம், வழக்கம்போல மௌனம்.

எனக்கு ஒரு குழப்பம். நம் வீட்டு முனையில் இருப்பது நாலாம் கிலோமீட்டர் கல். எடைமேடை வாசலில் இருப்பது ஏழாம் கல். இதை நான் சொல்லவில்லை, ரோடு போட்டவன் சொல்கிறான். போக மூன்று, வர மூன்று, நாளைக்கு ஆறு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை, முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சுவரில் சாய்ந்து ஓய்வெடுக்கிறது. ஆனால் மீட்டர் வாரத்துக்கு எழுபத்திரண்டு ஓடுகிறது. நாலு வாரமும் பார்த்துவிட்டேன். பொத்தானைத் தரையில் கொட்டி ரெண்டு தடவை எண்ணினேன். கட்டிலுக்கு அடியில் உருண்டதையும் எடுத்து எண்ணினேன்.

தினம் பன்னிரண்டு. ஆறு எடைமேடைக்கு. மீதி ஆறு எங்கே, தம்பி? தெரிந்த கிலோமீட்டருக்கு வெள்ளைப் பொத்தான், தெரியாததுக்குக் கறுப்பு என்று தனி பாட்டில் வைத்தேன். ரெண்டும் சரிசமமாக ஏறுகிறது.

நாளைக்குப் பன்னிரண்டு என்றால் பத்தாம் கல் வரை போய் வருகிற தூரம். பத்தாம் கல்லில் என்ன இருக்கிறது? ஒரு மரக்கடை, ஒரு டீக்கடை, நாலு லாரி நிற்கிற கொட்டகை. உன் மாமா டீ குடிக்க ஆறு கிலோமீட்டர் போகிற ஆள் இல்லை. வீட்டில் கொடுத்தாலே ஆறவைத்துக் குடிக்கிறவர்.

மீட்டர் வேலையில் இருக்கிறவன் நீ. மீட்டர் தப்பாகக் காட்டுமா? ஒரு வரி எழுதிப் போடு.

தலை சுற்றும்
அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இரண்டு நாள் மழை பெய்தது.

நீ கேட்டதைப் பற்றி. பழைய மீட்டர் தப்பாகக் காட்டலாம். காட்டாமலும் இருக்கலாம். அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடு. நட்டை இடது பக்கம் திருப்பினால் வந்துவிடும். கம்பியில் இருப்பதையும் சேர்த்துக் கழற்றிவிடு. தயவுசெய்து பார்த்துக்கொண்டிருக்காமல் கழற்றிவிடு. மாமா நல்லவர்.

தம்பி


மே 8

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது. மாமாவுக்கும் இருக்கிறது.

கழற்றிக் குப்பையில் போடு என்று எழுதினாயே, கை எப்படியடா வந்தது? சங்கத்துக்காரர்கள் மாதாமாதம் வந்து குனிந்து பார்த்து, சரி சரி என்று எழுதிக்கொண்டு போன மீட்டர் அது. பத்தாயிரம் கிலோமீட்டரைச் சரியாக எண்ணியது இப்போது என் வீட்டுக்கு வந்து ஆறு கிலோமீட்டரைத் தப்பாக எண்ணுமா? அது பொய் என்றால் உன் கோப்பையும் பொய் என்று ஆகாதா? மாமாவைக் காப்பாற்றப் பார்க்கிறாய். அது புரிகிறது. எதிலிருந்து என்றுதான் புரியவில்லை.

பத்தாம் கல் லாரிக் கொட்டகை யாருடையது என்று விசாரித்தேன். ஒரு அம்மா. நாலு லாரிக்குச் சொந்தக்காரி. எடை போட அவளே வண்டியில் ஏறி வருவாளாம். சிரித்தால் ஏழாம் கல்லில் சிரித்தது எட்டாம் கல்லுக்குக் கேட்குமாம். பேசாத மனிதனுக்குச் சிரிக்கிற ஆள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? என்னை அப்படித்தானே கட்டினார்.

நேற்று கேட்டேவிட்டேன்.

"தினம் எங்கங்க போறீங்க?"

"எடைமேடைக்கு."

"அது ஆறு. மீதி ஆறு?"

"எடைமேடைக்குத்தான் போறேன்."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

அலமாரியில் இருக்கிற உன் கோப்பையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கை கழுவப் போய்விட்டார். கையை மட்டும் கால் மணி நேரம் கழுவினார்.

இன்றிலிருந்து நானும் பேசவில்லை. ஒரு வீட்டில் ரெண்டு ஊமை. சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைக்கிற சத்தம்தான் எங்கள் பேச்சு. நான் கொஞ்சம் பலமாகவே பேசுகிறேன்.

அக்கா


மே 27

தம்பிக்கு,

சுகமா என்று கேட்கவில்லை. சுகமாக இருக்கிறவன் பதில் போடுவான்.

போன சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிப் பத்தாம் கல்லில் இறங்கினேன். கொட்டகைக்கு எதிர் டீக்கடை பெஞ்சில், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, மத்தியானத்திலிருந்து உட்கார்ந்தேன். ஆறு டீ. டீக்கடைக்காரர், "யாராவது வரணுமாம்மா?" என்றார். "வரக்கூடாது, அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அவர் என் மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை மெதுவாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லாரிக்கார அம்மாவைப் பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். உன் மாமா வரவில்லை. ரோட்டில் போகவும் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன். அவர் எனக்கு முன்னால் வந்து திண்டாட்டமாகச் சமையலறையில் உப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் மீட்டரைப் பார்த்தேன்.

பன்னிரண்டு.

இப்போது சொல்லு. பத்தாம் கல்லுக்கும் போகவில்லை. பின்னே அந்த ஆறு எந்தத் திசையில் இருக்கிறது? தெரிந்த ஒருத்தி மேல் கோபப்படலாம். தெரியாத ஒரு ரோட்டின் மேல் எப்படிக் கோபப்படுவது? இந்த மனிதனோடு இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாத ஆறு கிலோமீட்டர் தினம் அவரிடம் இருக்கிறது.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். உன் அறையில் ரெண்டாவது ஆள் படுக்க இடம் இருக்கிறதா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


ஜூன் 4

அக்கா,

வணக்கம். பெட்டியைப் பரணில் ஏற்றிவிடு. மாமா எங்கேயும் போகவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. விவரமாக எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தம்பி


ஜூன் 11

ஐயா,

எனக்கு இருந்தது ஒரு குழப்பம். நீ எழுதி ரெண்டாக்கிவிட்டாய். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற உனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, ஒரே சுவருக்குள் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. எப்படி என்றும் கேட்கக்கூடாதாம். மச்சானும் மாமனும் நல்ல கூட்டு. ஒருத்தர் பேசமாட்டார், ஒருத்தன் பேசினாலும் பாதிதான்.

இந்த ஞாயிறு ஒரு வேலை இருக்கிறது. அதை முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு பஸ் ஏறுகிறேன். உன் அறைக்கு வந்து நேராகக் கேட்கிறேன். இருமி மழுப்பினாலும் விடமாட்டேன்.

அக்கா


ஜூன் 16

தம்பிக்கு,

இன்று காலை உன் மாமா முடி வெட்டப் போயிருந்தார். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது, தள்ளத் தெரியும். நாலாம் கல்லில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு அஞ்சாம் கல் வரை தள்ளினேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் "பஞ்சரா?" என்றார்கள். "ஆமா, தலைக்குள்ள" என்றேன்.

அஞ்சாம் கல்லில் மீட்டர் ரெண்டு ஏறியிருந்தது.

கல்லைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். யாரோ பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆறாம் கல் வரை தள்ளினேன். மறுபடி ரெண்டு. கல் ரெண்டு, மீட்டர் நாலு. ஆறாம் கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். டிக், டிக். ஒரு சுற்றுக்கு எத்தனை டிக் என்று அப்போதுதான் எண்ணினேன்.

அப்புறம் குனிந்து சக்கரக் கம்பிகளைப் பார்த்தேன். பார்த்ததை நான் எழுதவில்லை. தாளில் இடம் இருக்கிறது, இருக்கட்டும்.

பெட்டியைப் பரணில் ஏற்றியாகிவிட்டது. நான் வரவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது உன் மாமாவிடம், "மீட்டர் பழசுங்க, தப்பா காட்டியிருக்கு" என்றேன். "ம்" என்றார். இன்னொரு கரண்டி சோறு போடு என்று தட்டை நகர்த்தினார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பஸ் ஏறுவதற்கு முன் இது கைக்கு வந்துவிட வேண்டும்.

அந்தச் சக்கரத்தில் இரண்டு ஆணி இருக்கிறது. நேரெதிர்க் கம்பிகளில். ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒரு சுற்றை இரண்டாக எண்ணும். இரண்டாவதைக் கட்டியது நான்.

போட்டி வருஷத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஆறு வாரம் படுத்தேனே, நீதானே பார்த்துக்கொண்டாய். எழுந்தபோது எண்ணிக்கை பின்தங்கிவிட்டது. இன்னும் மூன்று மாதம், நாலாயிரம் பாக்கி. நீ அதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தாய். உன்மேல் பழி போடவில்லை, அக்கா. ஆசை எனக்கும்தான். அந்த நாலாயிரத்தில் நான் நிஜமாக ஓட்டியது இரண்டாயிரம். மீட்டர் காட்டியது பத்தாயிரம், என் கால் ஓட்டியது எட்டாயிரம்.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்குக் கழற்ற நினைத்தேன். மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதிரில் குனிய முடியவில்லை.

நீ முதல் கடிதத்தில் டிக் டிக் என்று எழுதியபோதே எனக்கு அந்த இரண்டாவது ஆணி நினைவுக்கு வந்தது. கழற்றிப் போட்டுவிடுவாய் என்று பார்த்தேன். நீ பொத்தான் எண்ணினாய். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மூன்று மாதம் எழுதாமல் மாமாவை அந்த இடத்தில் நிற்கவைத்தேன். என் கோப்பைக்காக.

இங்கே தினம் காலையில் என் முதல் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு சோதனைச் சக்கரத்திலும் ஒரே ஒரு ஆணிதான் இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபோர்மேன் இதை நம்பிக்கையான ஆளுக்குத்தான் கொடுப்பாராம். அவரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துவிடு. மாமாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு முகம் இல்லை.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நான் சுகம். மாமா சுகம், இந்தத் தடவை கேட்டுவிட்டே எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தே தெரிகிறது. ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே, என் கையெழுத்து மாதிரி இருந்தது.

அந்த ஆணியை நான் முன்னமே பார்த்துவிட்டேன். கட்டுக்கம்பியில் மூன்று முறுக்கு, கடைசியில் ஒரு சுருள். சின்ன வயசில் என் பள்ளிக்கூடப் பை வார் அறுந்தபோது அதே முறுக்குப் போட்டுக் கம்பியால் கட்டிக்கொடுத்தாய். அந்தப் பை நின்றது, என் படிப்புத்தான் நிற்கவில்லை. அந்தக் கட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தை ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டு உன் மாமாவிடம் போனேன். "தம்பி ஒண்ணு எழுதியிருக்கான்" என்றேன்.

"ரெண்டு ஆணியா?" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"துடைச்ச அன்னிக்கே."

"அடப்பாவி மனுஷா! நான் பத்தாம் கல்லுல போய் ஆறு டீ குடிச்சேன்! முப்பத்தொன்பது நாள் உங்ககூடப் பேசாம இருந்தேன்!"

"நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

கையில் இருந்த துடைப்பத்தை நான் கீழே வைத்ததுக்குக் காரணம், அவர் அதற்கப்புறம் இன்னும் பேசியதுதான். எண்ணிச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் நீளம். "நான் எடை போடறவன். பொய் எடை பார்த்ததும் தெரியும். நீ காலையில அந்தக் கோப்பையைத் துடைக்கிறப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தினம் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். என்னைச் சந்தேகப்பட்டா நாலு நாள்ல போயிடும்னு நினைச்சேன்."

"நாலு நாள்ல போகலையே."

"ஆமா. நீ எண்ணறதுல கெட்டிக்காரி."

சரி, அந்த ஆணியைக் கழற்றிவிடுங்கள் என்று குறட்டைக் கொடுத்தேன். வாங்கவில்லை. "அவன் கட்டினது. அவனே வந்து அவிழ்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே குறடு அலமாரியில் இருக்கிறது, கோப்பைக்குப் பக்கத்தில். லீவு கேட்டு வா. அவர் எதிரில் குனிய வெட்கமாக இருந்தால் திரும்பி நிற்கச் சொல்கிறேன். ஃபோர்மேனிடம் சொல்வதும் சொல்லாததும் நீ பார்த்துக்கொள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் என்னிடம் யோசனை கேட்காதே.

கோப்பையை எடுக்கவில்லை. துடைக்கிறேன். அது பத்து விரல் உயரம் இருக்கிறது, அளந்து பார்த்தேன். அந்தக் கறுப்புப் பொத்தானையெல்லாம் அதில் கொட்டினேன். எட்டு விரல் வரைக்கும் நிரப்பி நிறுத்திவிட்டேன். மேலே ரெண்டு விரல் காலி. பால்காரர் என்னம்மா இது என்றார். "அவ்வளவுதாங்க ஓட்டினான், அதுவே அதிகம்" என்றேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. இந்தத் தெருவில் இனி என் ஒருத்திக்கு மட்டும் குழப்பம் என்று இருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எழுதாமல் முடிக்க மனசு வரவில்லை. நீ வந்து அவிழ்க்கிற வரைக்கும் மீட்டரைப் பாதியாக்கிப் படிக்கிறேன். வாராவாரம் சரியாக முப்பத்தாறு. போன வாரம் முப்பத்தொன்பது. மூன்று கிலோமீட்டர் கூட. வெள்ளைப் பொத்தான் போடுவதா, கறுப்பா என்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நிமிர்ந்து பார்த்தார். எங்கே போனீர்கள் என்று கேட்க என் வாய் துறுதுறு என்றது.

கேட்கவில்லை. மூன்று பொத்தானையும் அவர் சட்டையில் தைத்துவிட்டேன்.

உன் அக்கா